உங்கள் சுகர் நோட்டு எங்கே?

என் சித்தப்பாவுக்கு வெள்ளிக்கிழமை ரத்தப் பரிசோதனை என்றால் செவ்வாய்க்கிழமையே வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். காபியில் சர்க்கரை நின்றுவிடும். ராத்திரிக்கு இரண்டே சப்பாத்தி. காலை, மாலை இரண்டு வேளையும் பூங்காவில் நடை. வெள்ளிக்கிழமை லேப்பில் ரத்தம் கொடுத்துவிட்டு மாலையில் சீட்டை வாங்கிப் பார்ப்பார். வெறும் வயிற்றில் 118. டாக்டரும் "நல்லா இருக்கு, இதே மாத்திரையைத் தொடருங்க" என்று எழுதிக் கொடுப்பார். அன்று இரவே பரோட்டா. அடுத்த மூன்று மாதத்துக்குப் பூங்கா இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார்.

எட்டு வருடம் இப்படியே ஓடியது. பிறகு ஒருநாள் வேறொரு டாக்டரிடம் போக நேர்ந்தது. அவர் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையையும் சிறுநீர்ப் பரிசோதனையையும் சேர்த்து எழுதிக் கொடுத்தார். சராசரி 9.4 சதவீதம். சிறுநீரில் புரதம் கசிய ஆரம்பித்திருந்தது. "மூணு நாளா வாயைக் கட்டிக்கிட்டுத்தானே இருந்தேன், எப்படி ஏறிச்சு?" என்று அவர் என்னிடம் கேட்டார். அந்தக் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

ரத்தத்தில் உள்ள சர்க்கரை, சிவப்பணுக்களுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். ஒரு சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அதனால் கடந்த இரண்டு, மூன்று மாதங்களில் நாம் சாப்பிட்டது, நடந்தது, மாத்திரையை மறந்தது எல்லாம் அதில் பதிவாகிவிடுகிறது. மூன்று நாள் பத்தியம் அதை அழிக்காது.

சித்தப்பாவை நான் குறை சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துப் பரீட்சையைப் போல, பரிசோதனை என்றால் டாக்டரிடம் நல்ல மார்க் வாங்கும் காரியம் என்றே நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த எண் டாக்டருக்காக எடுப்பது அல்ல. அது நமக்காக எடுப்பது.

நாற்பது நிமிடமும் 8,760 மணி நேரமும்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டரைப் பார்க்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் பேசுகிறார் என்றே வைத்துக்கொள்வோம் (கூட்டம் நிறைந்த மருத்துவமனைகளில் அதுவும் கிடைக்காது). வருடத்துக்கு நாற்பது நிமிடம். ஒரு வருடத்தில் 8,760 மணி நேரம் இருக்கிறது. மீதி நேரம் முழுவதும் சர்க்கரை நோயைப் பார்த்துக்கொள்வது யார்? எதைச் சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது, மாத்திரையை மறந்தால் என்ன செய்வது, கல்யாண வீட்டுப் பந்தியில் எப்போது இலையை மூடுவது என்று ஒரு நாளைக்குப் பத்து முடிவுகளாவது எடுக்கிறோம். அந்த நேரத்தில் டாக்டர் பக்கத்தில் இல்லை.

இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான பெரிய ஆய்வு கணக்கிட்டது. தமிழ்நாட்டில் அது 14.4 சதவீதம், அதாவது பெரியவர்களில் ஏழு பேருக்கு ஒருவர். எத்தனை மருத்துவர்கள் இருந்தாலும் இத்தனை பேரையும் தினமும் கைபிடித்து நடத்திச் செல்ல முடியாது. நம் நோயை நாமே நடத்தக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்வது அதனால்தான். டாக்டரை ஒதுக்கிவிட்டு நாமே வைத்தியம் பார்த்துக்கொள்வது என்று இதற்குப் பொருள் இல்லை.

நம் நோயை நாமே நடத்த முடியும் என்பதை முதன்முதலில் செய்து காட்டியவர்களில் ஒருவர் அமெரிக்கரான ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன். அவர் பொறியாளர். 1946-இல் 12 வயதில் அவருக்கு முதல் வகை நீரிழிவு வந்தது. முப்பதுகளில் இருக்கும்போதே சிறுநீரகம் உட்படப் பல உறுப்புகள் பழுதாகத் தொடங்கிவிட்டன. 1969-இல் ஒரு விளம்பரம் அவர் கண்ணில் பட்டது. ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரையை அளக்கும் கருவி அது. எடை ஒன்றரைக் கிலோவுக்கு அருகில், விலை 650 டாலர். நோயாளிகளுக்கு விற்க மாட்டார்கள், மருத்துவர்களுக்கு மட்டும்தான். அவருடைய மனைவி மருத்துவர் என்பதால் மனைவியின் பெயரில் வாங்கினார். ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை அளந்தார், எழுதினார், உணவையும் இன்சுலினையும் அதற்கேற்ப மாற்றினார். சர்க்கரை கட்டுக்குள் வந்தது. நோயாளி தானே அளந்து பார்ப்பதா என்று அன்றைய மருத்துவ இதழ்கள் அவருடைய கட்டுரைகளைத் திருப்பி அனுப்பின. அவர் 45 வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து டாக்டரானார். 2025-இல் தம்முடைய 90-ஆவது வயதில் காலமானார். இன்று மருந்துக் கடையில் எல்லோருக்கும் கிடைக்கும் குளுக்கோமீட்டருக்குப் பின்னால் இப்படி ஒரு நோயாளியின் பிடிவாதமும் இருக்கிறது.

ஒரு நோட்டு, இரண்டு எண்

குளுக்கோமீட்டர் இன்று பல வீடுகளில் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் பீரோவில் இருக்கிறது. எடுப்பவர்களும் காலையில் வெறும் வயிற்றில் மட்டும் பார்த்துவிட்டு, 130 என்றால் நிம்மதி, 160 என்றால் கவலை என்று அதோடு மூடி வைத்துவிடுகிறார்கள். ஒற்றை எண் ஒன்றும் சொல்லாது. இரண்டு எண்களை அக்கம்பக்கமாக வைத்தால்தான் பேசும்.

சித்தப்பாவுக்கு நான் வாங்கிக் கொடுத்தது ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் கோடு போட்டு நான்கு கட்டம்: சாப்பிடும் முன் எவ்வளவு, என்ன சாப்பிட்டார், முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து எவ்வளவு, இடையில் நடந்தாரா. மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப்பின் விலை கையைக் கடிக்கும் என்பதால் ஒரு நாளைக்கு ஒரே ஒரு வேளைதான். திங்கள் காலை, செவ்வாய் மதியம், புதன் இரவு என்று மாற்றி மாற்றி. மாத்திரை மட்டும் போடும் பலருக்கு மாதத்தில் ஒரு வாரம் இப்படிப் பார்த்தாலே போதும். இன்சுலின் போடுபவர்கள் அடிக்கடி பார்க்க வேண்டும். எத்தனை முறை என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வாரத்திலேயே அந்த நோட்டு பேச ஆரம்பித்தது. "சுகருக்கு நல்லது" என்று யாரோ சொன்னதை நம்பி அவர் காலையில் ஒரு பெரிய சொம்பு கேழ்வரகுக் கஞ்சி குடிப்பார். குடிக்கும் முன் 142, இரண்டு மணி நேரம் கழித்து 247. இன்னொரு நாள் இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல்: 138-இலிருந்து 181. அவரால் நம்பவே முடியவில்லை. கேழ்வரகு நல்ல தானியம்தான். ஆனால் மாவாக அரைத்துக் கூழாகக் காய்ச்சினால் அதன் மாவுச்சத்து சட்டென்று சர்க்கரையாகி ரத்தத்தில் கலந்துவிடும். என்ன தானியம் என்பதோடு, எப்படிச் சமைத்தோம், எவ்வளவு, கூட என்ன சாப்பிட்டோம் என்பதும் முக்கியம். இதை எந்தப் புத்தகத்தைவிடவும் உறைக்கும்படி சொன்னவை அந்த இரண்டு எண்கள்தான். கருப்பட்டி, தேன், நாட்டுச் சர்க்கரை எல்லாவற்றையும் இதே முறையில் நீங்களே அளந்து பாருங்கள். வெள்ளைச் சர்க்கரையோடு அவற்றுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை என்பது ஒரே நாளில் விளங்கிவிடும்.

சோறே கூடாதா என்று கேட்பார்கள். கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். தட்டில் பாதி காய், கால்வாசி பருப்பு, முட்டை அல்லது மீன், மீதிக் கால்வாசி சோறு என்று வைத்துப் பாருங்கள். நம் வீடுகளில் இது தலைகீழாக இருக்கிறது; முக்கால்வாசிச் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல். முதலில் காயையும் பருப்பையும் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் சோற்றுக்கு வந்தால் பலருக்குச் சர்க்கரை குறைவாகவே ஏறும். சாப்பிட்டு முடித்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் தெருவில் நடந்தாலும் ஏறும் அளவு குறையும். அதையும் நோட்டில் எழுதுங்கள். சித்தப்பாவை மறுபடி நடக்கவைத்தது என் அறிவுரை அல்ல. நடந்த நாளுக்கும் நடக்காத நாளுக்கும் இடையில் அவர் கையாலேயே எழுதிவைத்திருந்த நாற்பது புள்ளி வித்தியாசம்தான்.

அளக்கும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிடுங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் குத்தினால் ரத்தத்தின் சர்க்கரையோடு மாம்பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து வரும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ஸ்ட்ரிப் டப்பாவின் காலாவதித் தேதியைப் பாருங்கள். மூடியைத் திறந்து போட்டுவிட்டால் காற்றின் ஈரம் பட்டு அவை கெட்டுவிடும். லேப் முடிவுக்கும் மீட்டருக்கும் பத்துப் பதினைந்து சதவீதம் முன்பின் இருப்பது இயல்பு. அதற்காக மீட்டரைத் தூக்கி எறிய வேண்டாம்.

லேப் சீட்டில் எதைப் பார்ப்பது?

சாப்பிடும் முன் 80 முதல் 130, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 180-க்குள், எச்பிஏ1சி 7 சதவீதத்துக்குக் கீழ். பெரும்பாலானவர்களுக்கு மருத்துவர்கள் சொல்லும் இலக்கு இதுதான். 7 சதவீதம் என்பது ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சராசரியாக 154 மில்லிகிராம் சர்க்கரைக்குச் சமம். வயதானவர்கள், தனியாக வசிப்பவர்கள், அடிக்கடி சர்க்கரை தாழ்ந்து போகிறவர்கள் ஆகியோருக்கு இலக்கைக் கொஞ்சம் தளர்த்துவார்கள். ஆகவே "எனக்கு எவ்வளவு இருக்கலாம்?" என்று கேட்டு, அந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிவையுங்கள்.

ரத்தசோகை உள்ளவர்களுக்கு இந்த மூன்று மாதச் சராசரி ஏமாற்றும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையில் அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். ரத்தம் அதிகம் போயிருந்தால் குறைவாகக் காட்டலாம். நம் பெண்கள் பலருக்குச் சோகை இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். மீட்டரில் பார்க்கும் எண்களும் சராசரியும் ஒத்துப்போகவில்லை என்றால் ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொரு பழக்கத்தையும் மாற்ற வேண்டும். சாப்பிட்டபின் எடுக்கும் பரிசோதனைக்குப் போகும் நாளில் பலர் மாத்திரை போடாமல் போகிறார்கள், அல்லது அன்றைக்கு மட்டும் ஓட்ஸ் சாப்பிடுகிறார்கள். உங்கள் மருந்து உங்கள் வழக்கமான சாப்பாட்டைச் சமாளிக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் அந்தப் பரிசோதனை. டாக்டர் வேறுவிதமாகச் சொல்லாதவரை, எப்போதும் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, எப்போதும் போடும் மாத்திரையைப் போட்டுக்கொண்டே போங்கள்.

சர்க்கரையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதும் தவறு. ரத்த அழுத்தம் 130-க்கு 80-ஐத் தாண்டக்கூடாது. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் 100-க்குக் கீழே இருக்க வேண்டும். இதய நோய் வந்தவர்களுக்கு இன்னும் கீழே. வருடத்துக்கு ஒருமுறை சிறுநீரில் ஆல்புமின், ரத்தத்தில் கிரியேட்டினின், சொட்டு மருந்து விட்டு விழித்திரைப் பரிசோதனை. நெடுநாளாக மெட்ஃபார்மின் போடுபவர்கள் வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். அந்த மாத்திரை பி12-ஐக் குறைக்கக்கூடும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. கூலி வேலையை விட்டுவிட்டு வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு இது பெரிய உதவி. மாத்திரை வீடு தேடி வருகிறது என்பதற்காகக் கண் பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். விழித்திரையில் ரத்தக் கசிவு தொடங்கும்போது பார்வையில் ஒரு குறையும் தெரியாது. தெரிய ஆரம்பிக்கும்போது பாதி காலம் கடந்திருக்கும்.

சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

என் பெரியம்மா இன்சுலின் போடுகிறவர். குப்பியில் வரும் இன்சுலின், காலையில் 20 யூனிட். ஒரு மாதம் திடீரென்று சர்க்கரை 300-ஐத் தாண்டியது. சாப்பாட்டில் மாற்றம் இல்லை, ஊசியையும் விடவில்லை. டாக்டர் 28 ஆக்கினார். அப்போதும் இறங்கவில்லை. ஊருக்குப் போயிருந்தபோது அவர் ஊசி போடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு நிறத்தில் இருந்தது.

நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள இன்சுலினும் உண்டு; அதற்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், கோடுகளின் கணக்குதான் வேறு. 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது எட்டே யூனிட். 28 கோடு வரை இழுத்தாலும் பதினொன்றைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். மருந்துக் கடையில் யாரோ மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. இதில் இன்னொரு ஆபத்தும் இருந்தது. யாராவது அடுத்த முறை சரியான சிவப்பு மூடியை வாங்கி வந்திருந்தால், ஒரே நாளில் 28 யூனிட்டும் முழுசாக உள்ளே போயிருக்கும். 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுப்பது இதைவிட மோசம். இரண்டரை மடங்கு மருந்து போய்விடும்.

பெரியம்மாவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தபோது தொப்புளுக்கு வலப்பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்குத் தடிப்பு. "அங்கே குத்தினா வலிக்கிறதில்லைடா" என்றார். வலிக்காது என்பதால் அதே இடத்திலேயே பல வருடமாகப் போட்டு வந்திருக்கிறார். அப்படித் தடித்த கொழுப்பில் போடும் இன்சுலின் ஒருநாள் உறிஞ்சப்படும், ஒருநாள் தேங்கி நிற்கும். வயிறு, தொடை என்று இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முந்தைய நாள் போட்ட இடத்திலிருந்து இரண்டு விரற்கடையாவது தள்ளிப் போட வேண்டும். தடிப்பை விட்டுப் புது இடத்துக்கு மாறும்போது மருந்து வேகமாக வேலை செய்யும் என்பதால் டாக்டரிடம் சொல்லிவிட்டு மாறுங்கள்.

ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளில் மண்பானையில் ஈர மணல் போட்டு, அதற்குள் ஒரு டப்பாவில் குப்பியை வைக்கலாம். ஃபிரிட்ஜ் இருந்தால் கதவுப் பக்கத்தில் வையுங்கள், ஃப்ரீசரில் ஒருபோதும் வேண்டாம். உறைந்த இன்சுலின் பிறகு உருகினாலும் பயன்படாது. திறந்த குப்பியைப் பொதுவாக நான்கு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். திறந்த தேதியைக் குப்பியின் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

கை நடுங்கினால்

வேர்வை, படபடப்பு, கை நடுக்கம், திடீர்ப் பசி, காரணமில்லாத எரிச்சல். மீட்டரில் 70-க்குக் கீழ் காட்டினால் அது தாழ்சர்க்கரை. இன்சுலினோ, கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ போடுகிறவர்கள் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டாலோ விரதம் இருந்தாலோ இது வரலாம். மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் மறுபடி அதே அளவு. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை போடுகிறவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது, குளுக்கோஸ்தான் வேண்டும். சட்டைப்பையில் ஒரு பொட்டலம் எப்போதும் இருக்கட்டும். நினைவு இழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள். இதை நோயாளி தெரிந்துகொண்டால் மட்டும் போதாது, வீட்டில் உள்ளவர்களும் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரும் தெரிந்திருக்க வேண்டும்.

டாக்டரிடம் எப்படிப் பேசுவது?

மாத்திரையை நிறுத்திவிட்டு, "ஒழுங்கா போடறேன் டாக்டர்" என்று சொல்வது நம் ஊரில் சகஜம். வயிற்றைப் புரட்டுகிறது, காசு இல்லை, மறந்துவிடுகிறது, பக்கத்து வீட்டுக்காரர் கிட்னி போய்விடும் என்று சொன்னார் என்று காரணங்கள் இருக்கும். அந்தக் காரணத்தை அப்படியே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டாக்டர் மாத்திரை போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டுவார். சொன்னால் வயிற்றைப் புரட்டாத வகையையோ விலை குறைந்ததையோ மாற்றித் தர வழி உண்டு. சிறுநீரகத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கட்டுப்படாத சர்க்கரையும் ரத்த அழுத்தமும்தான் என்பதையும் அவரே விளக்குவார்.

உள்ளே போகும் முன் நோட்டில் மூன்று கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். இந்த மாத்திரை எதற்கு? என் இலக்கு என்ன? வாந்தி, பேதி, காய்ச்சல் வந்து சாப்பிட முடியாத நாளில் எந்த மருந்தை நிறுத்த வேண்டும், எதை நிறுத்தக்கூடாது? மூன்றாவது கேள்வியைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. உடம்பு சரியில்லாத நாளில் இன்சுலினை முழுவதும் நிறுத்துவது ஆபத்தாக முடியலாம். சில மாத்திரைகளைத் தொடர்வதும் ஆபத்தாக முடியலாம். இதை நன்றாக இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

"நாற்பத்தெட்டு நாளில் சர்க்கரை நோய் முற்றிலும் குணம்" என்ற விளம்பரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. மூலிகைப் பொடி என்று விற்கப்பட்டவற்றில் ஆங்கில மருந்து கலந்திருந்தது பரிசோதனைகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. என்ன மருந்து, எவ்வளவு என்று தெரியாமல் சாப்பிடுவது உங்கள் நோயை இன்னொருவர் கையில் கொடுப்பதுதான். எடையைக் குறைத்து, உணவை மாற்றி, மருந்தே வேண்டாத நிலைக்கு வந்தவர்கள் உண்டு. நோய் வந்து சில ஆண்டுகளே ஆனவர்களுக்கு அது கூடுதலாகச் சாத்தியம். அவர்களும் அளந்து அளந்து, டாக்டர் சொல்லித்தான் மாத்திரையைக் குறைத்தார்கள்.

உள்ளங்காலைப் பாருங்கள்

நெடுநாள் சர்க்கரையால் நரம்பு மரத்துப்போன காலுக்கு வலி தெரியாது. அக்னி நட்சத்திர வெயிலில் கோயில் பிராகாரக் கல்லில் வெறுங்காலோடு சுற்றிவிட்டு வந்து, வீட்டில் சாக்கடைப் பக்கம் கால் கழுவும்போதுதான் கொப்புளத்தைப் பார்ப்பார்கள். சூடு தெரிந்திருக்காது. அப்படிப் போக வேண்டியிருந்தால் அதிகாலையில் போங்கள், பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள். வெந்நீரில் காலை வைக்கும் முன் முழங்கையால் சூடு பாருங்கள். ஆணிக்காலைப் பிளேடால் அறுக்காதீர்கள், மருந்து தடவிய பிளாஸ்டர் ஒட்டாதீர்கள். வீட்டுக்குள்ளேயும் செருப்புப் போட்டு நடங்கள்.

சித்தப்பாவின் நோட்டு இப்போது மூன்றாவது நோட்டு. சராசரி 7.3-க்கு வந்திருக்கிறது, சிறுநீரில் புரதமும் குறைந்திருக்கிறது. பரிசோதனைக்கு முந்தைய வாரமும் மற்ற வாரங்களைப் போலவே சாப்பிடுகிறார். நோட்டில் ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டு, அதில் தினமும் இரவு ஒரு டிக் அடிக்கிறார். அது கால் பார்த்ததற்கு. முழங்கால் மடக்க முடியாததால் தரையில் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்து அதன்மேல் காலைத் தூக்கிப் பார்ப்பார். சித்தி டார்ச் அடிப்பார்.

உங்களுக்குச் சர்க்கரை நோய் இருந்தால், இன்று இரவு படுக்கும் முன் உங்கள் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் ஒருமுறை பாருங்கள். கீறலோ, கொப்புளமோ, நிறம் மாறிய இடமோ இருந்தால் நாளைக் காலையிலேயே டாக்டரிடம் காட்டுங்கள்.